சுண்டுவின் ஜோடிப்பல்

காட்டோரக் குளம் ஒன்றில் வாத்து, ஆமை, நண்டு மூன்றும் வாழ்ந்து வந்தன. மழை ஓய்ந்து வாத்து முட்டையிடத் தொடங்கியதும், குளத்துக்கு ஒரு காவல்காரனைத் தேர்ந்தெடுப்பார்கள். காவலிருப்பவருக்கு வாத்து தினமும் மீன் பிடித்துத் தரும். தாழம்புதர் நிழலில் படுக்கையும் உண்டு.

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்கு வருகிறவர் வாயைத் திறந்து காட்ட வேண்டும். யாருக்குப் பல் அதிகமோ அவரே காவல்காரர். பல்லை எண்ணுவது ஆமை. அதன் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. அதனால் பாரபட்சம் பார்க்காது என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்த வருடம் கீரியும், சுண்டு என்ற நாய்க்குட்டியும் வந்து நின்றன. சுண்டு பக்கத்துத் தோட்டத்து வீட்டில் பிறந்தது. எவ்வளவு வளர்ந்தாலும் முயல் அளவைத் தாண்டாத சாதி.

ஆமை கீரியின் பல்லை எண்ணியது. பிறகு சுண்டுவின் பல்லை எண்ணியது. மறுபடியும் எண்ணியது.

"இதென்னடா, கீழே கோரைப்பல் ரெண்டும் ஜோடி ஜோடியா நிக்குது?"

சுண்டுவின் பால்பல் விழவில்லை. அது விழாமலே உட்பக்கமாகப் புதுப்பல் முளைத்துவிட்டது. அங்கிருந்த யாருக்கும் அப்போது இது தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த நரிக்கு மட்டும் தெரிந்தது. வாத்து முட்டை மேல் கண் வைத்திருந்த நரி அது.

"சிங்கத்துக்கே ஒத்தைக் கோரைப்பல்தான் தம்பி! உனக்கு ஜோடி. ராஜ லட்சணம்! அதை மட்டும் யாரும் தொடவிடாதே" என்றது நரி.

வேலை சுண்டுவுக்குக் கிடைத்தது. கீரி தன் வளைக்குத் திரும்பிப் போனது.

சுண்டுவுக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனால், நீரில் தெரியும் தன் வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொள்ளும். கரையோரப் பொந்திலிருந்து அந்த வாயைக் கிட்டத்தில் பார்த்த நண்டு, மூக்கைப் பொத்த வழியில்லாமல் பின்னால் நகர்ந்தது.

"சுண்டு, அந்த ரெண்டு பல்லுக்கும் நடுவுல முந்தாநாள் மீன்முள் சிக்கியிருக்கு. வாடை ஊரைக் கூட்டுது. புதுப்பல்லு வேற இடமில்லாம உள்பக்கமா சாயுது. பழசைக் கழட்டிரு."

"உனக்குப் பல்லே இல்ல நண்டக்கா. அதான் பொறாமை."

"எனக்குப் பல் இல்ல. ஆனா போன மாசம்தான் ஓட்டைக் கழட்டிப் போட்டேன். பழைய ஓட்டுக்குள்ளயே இருந்திருந்தா இன்னும் கடுகு அளவுதான் இருந்திருப்பேன்."

"ஓடு வேற, பல் வேற" என்று சுண்டு நடையைக் கட்டியது.

ஒரு நாள் உச்சி வெயிலில் நரி வந்தது. ஒளியவில்லை, முட்டைகள் இருந்த தாழம்புதருக்கு நேராக நடந்தது.

சுண்டு பாய்ந்து அதன் வாலைக் கவ்வியது. கவ்விய வேகத்தில், உள்ளே சாய்ந்திருந்த புதுப்பல் மேல் அண்ணத்தில் போய்க் குத்தியது. உயிர் போகிற வலி! வால் நழுவியது.

"ராஜாவுக்கு வாய் மூடலையோ?" என்று சிரித்துக்கொண்டே நரி ஒரு முட்டையைக் கவ்வியது.

வாத்து சிறகால் அதன் முகத்தில் அறைந்தது. கூச்சல் கேட்டுக் கீரியும் ஓடி வந்தது. முட்டை சேற்றில் விழுந்தது, நல்லவேளை, உடையவில்லை. நரி தப்பித்து ஓடும்போது, "நாளைக்கு வரேன் தம்பி, பல்லைப் பத்திரமா வச்சுக்கோ!" என்றது.

வாத்து முட்டையைத் துடைத்தது. சுண்டுவைத் திட்டவில்லை. அதுதான் சுண்டுவுக்குத் தாங்கவில்லை.

அது நண்டிடம் போனது. "அக்கா, பழைய பல்லை எடுத்தா எண்ணிக்கை குறையும். வேலை போயிடும்."

"எடுக்கலைன்னா முட்டை போயிடும்."

சுண்டு தாழம்புதரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது.

"கடிச்சு வைக்காதே. இருக்கிறது ரெண்டு கொடுக்குதான்" என்றது நண்டு. வேர் முறியாமல், அவசரப்படாமல், மெல்ல ஆட்டி ஆட்டி ஒரு பக்கம் எடுத்தது. பிறகு மறுபக்கம்.

விழுந்த பல்லைக் கூரையில் எறிய வேண்டுமாமே! குளத்தில் கூரைக்கு எங்கே போவது? சுண்டு இரண்டையும் ஆமையின் முதுகில் எறிந்தது.

"என் முதுகு என்ன ஓட்டு வீடா?" என்றது ஆமை. ஆனாலும் உதறவில்லை.

அன்று மாலையே சுண்டு கீரியின் வளைக்குப் போனது. "அண்ணே, புண் ஆறி, பல் நேராகிற வரைக்கும் நீங்க காவல் இருக்கணும். எனக்கு மீன் வேண்டாம்."

"மீனைப் பாதி பாதி வச்சுக்கலாம். வா" என்றது கீரி.

மறுநாள் சொன்னபடி வந்த நரி, கீரியைக் கண்டதும் திரும்பிப் போனது. வாரங்கள் கழிந்தன. இடம் கிடைத்ததும் சாய்ந்திருந்த பற்கள் மெல்ல வெளியே நகர்ந்து, நேராக நின்றன. பிறகு ஒரு மதியம், கீரி இல்லாத நேரம் பார்த்து நரி வந்தது.

"என்ன தம்பி, ராஜ லட்சணம் போச்சே!"

சுண்டு பாய்ந்து அதன் வாலைக் கவ்வியது. இந்த முறை வாய் சரியாக மூடியது. நரி ஊளையிட்டுக்கொண்டு ஓடியபோது அதன் வால் நுனி முடி தாழம்புதரடியில் கிடந்தது. வாத்து அதை எடுத்து, புதிதாகப் பொரிந்த குஞ்சுகளுக்கு மெத்தை போட்டது.

அடுத்த வருடம் ஆமை பல்லை எண்ணவில்லை. தென்னை மட்டை ஒன்றின் ஒரு நுனியைத் தான் கவ்விக்கொள்வதாகவும், மறுநுனியைக் கவ்வித் தன்னை இழுப்பவருக்கே வேலை என்றும் சொன்னது. முயல் அளவு சுண்டு, ஆமையைக் குளக்கரை நெடுக இழுத்துக்கொண்டு போனது. "போதும், போதும்" என்று சொல்ல ஆமையால் வாயைத் திறக்க முடியவில்லை.

உதிர வேண்டியதைப் பிறர் புகழ்ச்சிக்காகப் பிடித்து வைத்திருப்பவனுக்கு, புதிதாக முளைத்த பலமும் உதவாது.