ஆவுடையப்பன் அண்ணாச்சி திருப்பி அனுப்பின தோசை

ஒரு ஊர்ல ஒரு தோசைக்கல்லு இருந்துச்சாம். அந்தக் கல்லுக்கு முன்னாடி மாடத்தின்னு ஒருத்தி நின்னாளாம். இந்தக் கதையில ஒரு சிரிப்பு இருக்கு, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. ஆனா அத இப்போ தரமாட்டேன். படு மொதல்ல. கால நீட்டு. போர்வைய உன் பக்கமே இழுக்காத. ம் சொல்லு. ஆங், அப்படி.

மாடத்தி வேலை பாக்குறது வன்னியராஜ் டிபன் கடையில. காலையில மட்டும்தான் கடை. அங்க கொம்பையான்னு ஒரு சப்ளையர். யாராவது உக்காந்தா மூச்சு விடாம சொல்லுவார் பாரு: "இட்லிவடபொங்கல்பூரிகெழங்குரவாரோஸ்ட்டுநெய்ரோஸ்ட்டுவெங்காயஊத்தப்பம், என்ன வேணும்?" கேட்டவங்களுக்குக் கடைசியா சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அதனால புதுசா வர்றவங்க எல்லாரும் ஊத்தப்பம்தான் சாப்பிட்டாங்க.

இதுக்கெல்லாம் சிரிக்காத. இது அந்தச் சிரிப்பு இல்ல.

அப்புறம் தினமும் ஆறே முக்காலுக்கு வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கும். சரக், சரக், சரக். ஆவுடையப்பன் அண்ணாச்சி. தாலுகா ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். அங்க யாரு மனு கொண்டு வந்தாலும், பிரிச்சுக்கூடப் பாக்காம, "சரியில்ல, எடுத்துட்டுப் போ"ன்னு திருப்பி அனுப்புவார். ரிட்டயர் ஆனதும் மனு வரல. கை சும்மா இருக்குமா? தோசையத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சுட்டார்.

மொத டேபிள் அவருக்குத்தான். தோசை வந்ததும் ஓரத்துல ஒரு துளி பிய்ச்சு வாயில போடுவார். ஹால்ல இருக்கிற அத்தனை பேரும் சாம்பார்ல விட்ட கைய எடுக்காம அவர் மூஞ்சியையே பாப்பாங்க. "ம்ஹூம்"னு தட்டத் தள்ளினாரோ, போச்சு! ஆளாளுக்கு இட்லிக்கு மாறிடுவாங்க. மாடத்தியோட கல்லு சும்மாவே காஞ்சு புகையும்.

ஒம்போது நாள் இப்படியே போச்சு. பத்தாம் நாள் முதலாளி வன்னியராஜ் அடுக்களைக்குள்ள வந்தார். அவர் மூக்காலதான் பேசுவார். "மாடத்திங்... இன்னைக்கும் அண்ணாச்சி தட்டத் தள்ளினார்னா, நாளையிலருந்து கல்லுக்குப் புது மாஸ்டருங். நீ தேங்கா துருவுங்."

பதினாலு வருஷமா அந்தக் கல்ல யாரையும் தொட விடாதவ அவ. முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டா. தூங்கிட்டியா? ம் சொல்லு.

அப்போ, சரக், சரக், சரக்.

"ஒரு நெய் ரோஸ்ட்டேய்ய்ய்!"னு கொம்பையா குரல் குடுத்தார்.

மாடத்தி கல்லுல தண்ணி தெளிச்சா, ஸ்ஸ்ஸ்! மாவ ஊத்தி வட்ட வட்டமா இழுத்தா, சொர்ர்ர்! நெய்ய விட்டா, சடபுட சடபுட! பித்தளைத் தாம்பாளம் மாதிரி எந்திரிச்சு வந்துச்சு தோசை.

அண்ணாச்சி ஓரத்துல பிய்ச்சார். கரக்! சத்தம் கல்லாப்பெட்டி வரைக்கும் கேட்டுச்சு. மென்னார். "ம்ஹூம். முறுகல் பத்தல. எடுத்துட்டுப் போ."

தோசை அடுக்களைக்கு வந்துச்சு. மாடத்தி விரலால சுண்டிப் பாத்தா. டிங்! "இதுக்கு மேல முறுகினா அது அப்பளம்ணே"ன்னு கொம்பையாகிட்ட சொன்னா. சரி, வேற ஊத்துவோம்னு கரண்டியில மாவ அள்ளினா. அள்ளினவ அப்படியே நின்னுட்டா. அவளுக்கு ஒண்ணு ஞாபகம் வந்துருச்சு.

என்னன்னு சொல்லட்டா? இரு, தலையணையத் திருப்பிப் போட்டுக்கறேன். ம், இப்போ சரி.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுப் பட்டாவுக்கு மனு எடுத்துக்கிட்டு இதே அண்ணாச்சிகிட்ட போயிருக்கா. "சரியில்ல, எடுத்துட்டுப் போ." என்ன சரியில்லைன்னு அவளுக்கு எங்க தெரியும்? மறுவாரம் அதே பேப்பர ரெண்டா மடிச்சுக் கொண்டு போனா. "பரவாயில்ல, ஆனாலும் பத்தல." மூணாந்தடவ அதே பேப்பர ஒரு புதுக் கவர்ல போட்டுக் கொண்டு போனா. "ஆங், இப்படியில்ல எழுதணும்!"னு கையெழுத்துப் போட்டுட்டார்.

மாடத்தி கரண்டி மாவத் திரும்பவும் சட்டியிலயே ஊத்திட்டா.

அதே தோசையக் கல்லுல போட்டு லேசாச் சூடு காட்டினா. ரெண்டா மடிச்சா. பிய்ச்ச ஓரம் உள்ள போயிருச்சு. ஆனா அண்ணாச்சிக்குக் காது இருக்குல்ல? வெறும் கல்லுல தண்ணிய அடிச்சா, ஸ்ஸ்ஸ்ஸ்! தோசைத்திருப்பியால டங், டங், டங்! "தள்ளி நில்லுங்கண்ணே! அண்ணாச்சிக்குப் புதுசா ஊத்துறேன், தெறிக்கும்!" கொம்பையாவுக்கு ஒண்ணுமே புரியல. ஆனாலும் அஞ்சடி தள்ளி நின்னார்.

அண்ணாச்சி அந்தப் பக்கத்து ஓரத்துல பிய்ச்சார். கரக்! "முறுகல் வந்துருச்சு. இப்போ நெய் ஜாஸ்தி. எடுத்துட்டுப் போ."

ஹால்ல ரெண்டு பேரு இட்லி சொல்லிட்டாங்க. முதலாளி கல்லாவுலருந்து எட்டிப் பாத்தார். "மாடத்திங்..."

மூணாந்தடவ. மாடத்தி அதே தோசைய, அதே ரெண்டு ஓட்டையோட, சூட்டோட சூடா ஒரு சுத்துச் சுத்தி, மைக் செட்டுக் கொழா மாதிரி நிக்க வெச்சா. ஓட்டை ரெண்டும் உள்ளுக்குள்ள. "அந்தத் தனி மாவ எடுங்கண்ணே! தனி நெய்ய எடுங்க!"ன்னு ஒரே கூப்பாடு. ஸ்ஸ்ஸ்! டங் டங்! சொர்ர்ர்! கொம்பையாவுக்கு அப்பதான் உறைச்சுது. சிரிப்பு தொண்டைக்கு வந்துருச்சு. தோள்ல கெடந்த துண்ட எடுத்து வாயில திணிச்சுக்கிட்டு, தட்டத் தூக்கிட்டுப் போனார்.

நீ இன்னும் சிரிக்கக் கூடாது.

அண்ணாச்சி கொழாயோட உச்சிய ஒடிச்சார். கரக்! கண்ண மூடினார். ஹால்ல ஒரு டம்ளர் சத்தம்கூட இல்ல. அடுக்களை ஜன்னல் வழியா மாடத்தி பாக்குறா. தோசைத்திருப்பியப் பிடிச்ச கை அந்தரத்துலயே நிக்குது.

"அடடடடா!" அண்ணாச்சி எந்திரிச்சே நின்னுட்டார். "வன்னியராஜ், இங்க வாரும்! இதுல்லா வே தோசை! மொத ரெண்டு எங்க, இது எங்க! முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல சொல்லுதேன். இந்தக் கைய கல்ல விட்டு நகட்டினீருன்னா, இந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்!"

"எனக்கொரு நெய் ரோஸ்ட்டு!" "எனக்கும்!" "அந்தத் தனி மாவுல!"ன்னு ஹாலே கத்துது. முதலாளிக்கு மூக்கும் அடைச்சு வாயும் அடைச்சுப் போச்சு. "கல்லு உனக்குத்தான் மாடத்திங்!"

அப்புறம் அண்ணாச்சி பெருமையா உக்காந்து, கொழாயப் பிரிச்சு தட்டுல விரிச்சார்.

இந்த ஓரத்துல ஒரு ஓட்டை. அந்த ஓரத்துல ஒரு ஓட்டை.

குனிஞ்சு பாத்தார். கட்டைவெரல மெதுவா மொத ஓட்டையில வெச்சார். அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. ரெண்டாவதுல வெச்சார். அதுவும் அப்படியே.

தலையத் தூக்கி ஜன்னலப் பாத்தார். மாடத்தி அவரையே பாக்குறா. திரும்பினார். ஹாலே அவரையே பாக்குது.

அண்ணாச்சி சட்டினிய எடுத்து மொத ஓட்டை மேல ஊத்தினார். சாம்பார எடுத்து ரெண்டாவது ஓட்டை மேல ஊத்தினார்.

"ம்," அப்படின்னார்.

அண்ணாச்சியே ம் சொல்லிட்டார். இப்போ சிரிச்சுக்கோ. சிரிச்சாச்சா? கல்லு ஆறிப் போச்சு, கதையும் ஆறிப் போச்சு. கண்ண மூடு.