மணல்திட்டில் கொடுத்த வாக்கு

தீர்ப்பைக் கடைசியில் சொல்லலாம். முதலில் படகோட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோ துன் பர்மாக்காரன். ஐராவதி ஆற்றில் நெல் ஏற்றும் பாய்ப்படகு அவனுடையது. நெல் ஆலைத் தமிழர்களோடு பழகிப் பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவான். யுத்தம் வந்து ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம் அவன் நெல்லுக்குப் பதிலாக மனிதர்களை ஏற்றினான். பிரோம் துறையிலிருந்து ஆற்றை எதிர்த்து வடக்கே பக்கோக்கு வரை போக வேண்டும். அங்கே இறங்கி மேற்கே மலைகளைக் கடந்து நடந்தால் இந்தியா.

தெற்குக் காற்று அடித்தால்தான் பாய் புடைக்கும், படகு ஏறும். காற்று விழுந்தால் ஆண்கள் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றி, திரும்பிய பக்கமெல்லாம் மணல்திட்டு. கரையில் மூட்டை சுமந்து நடந்தவர்கள் கூடப் படகை முந்திக்கொண்டு போனார்கள். ஜப்பான் பட்டாளம் பின்னாலேயே வருகிறது என்று ஊருக்கு ஊர் சொன்னார்கள்.

ஏறும்போதே எல்லாரும் ஒப்புக்கொண்ட பேச்சு ஒன்று இருந்தது. வாந்திபேதி கண்டவரை இறக்கிவிட வேண்டும். யாரும் மறுக்கவில்லை. அந்த நோய் தனக்கு வரும் என்று யார்தான் நினைப்பார்கள்?

அது பொன்னழகுக்கு வந்தது. ஆலையில் மூட்டை தூக்கியவன். கூட மனைவி உலகாயியும் பால்குடி மறக்காத பிள்ளையும். காற்றில்லாமல் படகு ஒரு மணல்திட்டில் ஒட்டிக் கிடந்த காலையில் அவனுக்குக் கண்கள் உள்ளே போய்விட்டன, குரல் கம்மிவிட்டது. அவனைத் திட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள்.

உலகாயி பிள்ளையோடு இறங்கி அவன் அருகில் உட்கார்ந்தாள். "அவுகளை விட்டுட்டு நான் ஏற மாட்டேன். நீங்க போங்க" என்றாள். பெண்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை.

பிள்ளை அழுதது. படகின் நிழலில் உட்கார்ந்து பால் கொடுக்க அவள் எழுந்து போனாள். கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்த கோ துன்னின் மணிக்கட்டைப் பொன்னழகு பிடித்துக்கொண்டான்.

"நான் தேற மாட்டேன். அவ இங்க இருந்தா அவளும் போவா, பிள்ளையும் போகும். நான் செத்துட்டேன்னு சொல்லி ஏத்திக்க."

"உயிர் இருக்கே."

"கண்ணை மூடிக்கிறேன். இன்னொண்ணு. நான் கேட்டேன்னு எந்தக் காலத்துலயும் அவகிட்ட சொல்லக் கூடாது. நானே அவளைத் தள்ளிவிட்டேன்னு தெரிஞ்சா அவ மனசு ஆறாது. என் தலையில கை வச்சுச் சொல்லு."

பிறர் தலையைத் தொடுவது பர்மாவில் ஆகாது. கோ துன் தொட்டான். வேர்வையில் நனைந்திருந்த தலைமுடி அவன் விரல்களில் ஒட்டியது.

உலகாயி திரும்பி வந்தபோது, "தங்கச்சி, முடிஞ்சுபோச்சு" என்றான். அவள் கணவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது. அந்த நோயில் உயிர் இருக்கும்போதே உடம்பு அப்படித்தான் சில்லிடும். அவளுக்கு அது தெரியாது. அவள் அழுத அழுகையில் பிள்ளை மிரண்டது. பொன்னழகு இமை அசைக்கவில்லை.

அந்த நேரத்தில் காற்று வந்தது. படகிலிருந்தவர்கள் கூப்பிட்டார்கள். கூட வந்த மலைச்சாமி, "நீ ஏறு தாயி. நான் மணலைத் தள்ளி மூடிட்டு வந்துர்றேன்" என்றான்.

சுக்கான் அருகில் நின்ற கோ துன் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் பிடி மணலை அள்ளிய மலைச்சாமியின் கை அப்படியே நின்றது. மணலைக் கீழே போட்டான். இடுப்பிலிருந்த தன் தண்ணீர்க் குடுவையை அவிழ்த்து அங்கே வைத்துவிட்டு ஓடிவந்தான். செத்தவனுக்குத் தண்ணீர் எதற்கு? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் புடைத்தது.

பக்கோக்குத் துறை வரை மலைச்சாமி யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாரும் மூட்டைகளை இறக்கும்போது உலகாயி முன்னால் போய் நின்றான்.

"தாயி, நாம கிளம்பும்போது உன் புருஷனுக்கு மூச்சு இருந்துச்சு. நெஞ்சு ஏறி இறங்குனதை நான் கண்ணால பார்த்தேன். இவனுக்கும் தெரியும்."

அவள் கோ துன் பக்கம் திரும்பினாள். "நெசமாண்ணே?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் என்னை ஏத்தினியா?"

அவன் தலையசைத்தான்.

"ஏண்ணே?"

ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனி வரை வந்தது. தலையில் வைத்த கை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான். அவள் திட்டவில்லை, சாபமும் இடவில்லை. கொலைகாரனைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேற்கே போகும் கூட்டத்தோடு நடந்தாள்.

சொல்லுங்கள். சாகுமுன் செத்ததாகச் சொல்லச் சொன்ன பொன்னழகு, கண்டதைத் துறையில் போட்டு உடைத்த மலைச்சாமி, கடைசி வரை வாய் திறக்காத கோ துன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பொன்னழகு செய்தது சரி. பிள்ளையைக் காப்பாற்றத் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே வழியை அவன் எடுத்தான். மலைச்சாமி திட்டிலேயே பேசியிருந்தால் போவதா இருப்பதா என்று உலகாயி முடிவு செய்திருப்பாள். பக்கோக்கில் பேசி, தன் பாரத்தை அவள்மேல் இறக்கினான். கோ துன் திட்டில் சொன்ன பொய் சரி. துறையில் ஊமையாக நின்றது தவறு. அவள் மனசு ஆற வேண்டும் என்று கேட்ட வாக்கு அது. அவள் கரை சேர்ந்துவிட்டாள். உண்மையும் பாதி தெரிந்துவிட்டது; இனி மறைத்தால்தான் அவள் மனசு ஆறாது. மீதிப் பாதி அவளுக்குச் சேர வேண்டியது. இது கோ துன்னுக்கும் உறைத்தது, படகைத் திருப்பிய பிறகு. கரையில் கட்டிப்போட்டுவிட்டு மலைப்பாதையில் ஓடினான். கைப்பிள்ளையோடு போன ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்தீர்களா என்று எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கேட்டான். அந்தப் பாதை நெடுகக் கைப்பிள்ளையோடு தமிழ்ப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.