வெள்ளைத் துணி கட்டிய புதிர்ப்பானை

ரொம்ப காலத்துக்கு முன்னால் வெண்பாறை நாட்டை மகுடவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஒரே ஒரு கோளாறு, புதிர்ப் பைத்தியம். போருக்குப் போகும் வழியில்கூடத் தேரை நிறுத்திவிட்டுப் புதிர் போடுவார். எதிரி நாட்டுக்காரன் காத்திருந்து அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பிய கதையும் உண்டு.

அவர் சபையில் புதிருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. புதிர் போடுகிறவர் சபையிலேயே தட்டி மறைவில் உட்கார்ந்து, விடையை எழுத்தாணியால் ஓலையில் கீற வேண்டும். கீறினால் மட்டும் எழுத்து தெரியாதே! விளக்குக் கரியை விரலால் தேய்த்துப் பளிச்சென்று தெரியவைக்க வேண்டும். பிறகு ஓலையைச் சின்னப் பானையில் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, அரக்கு வைக்க வேண்டும். விடை கண்டவர் தன் ஓலையை நீட்டினால்தான் பானை உடையும். யாரும் நீட்டாவிட்டால், உடையாமலே பெட்டகத்துக்குப் போய்விடும்.

ஒருநாள் ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு புதிர் போட்டார்.

"மூன்றெழுத்துக்காரன் ஒருவன். தலையை வெட்டினால் வாசலில் தொங்குவான். வயிற்றை எடுத்தால் நாய் மாதிரிச் சத்தம் போடுவான். காலை வெட்டினாலோ, குதிப்பான்! யார் அவன்?"

"திருடன், மகாராஜா! தலையை வெட்டச் சொல்வது வேறு யாரை?" என்று முந்திக்கொண்டார் சபைப் புலவர் சடாட்சரப் பண்டிதர்.

"அவன் நாலெழுத்து, பண்டிதரே. எண்ணக்கூடத் தெரியாதா?"

சபை சிரித்தது. மந்திரி ஏகாம்பரம் எழுந்து, கீறிய ஓலையை நீட்டினார். "குதிரை, மகாராஜா. தலை போனால் திரை, வயிறு போனால் குரை, கால் போனால் குதி."

பானையை உடைத்தார்கள். குதிரைதான். ஆனால் ராஜாவின் முகம் சுருங்கிப்போனது. "மூன்று நாள் சோறு தண்ணீர் மறந்து கட்டிய புதிரய்யா! கொட்டாவி விடும் நேரத்தில் உடைத்துவிட்டீரே!"

பண்டிதர் இந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தார். மந்திரியின் விரலில் இருந்த முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு எத்தனையோ வருஷமாக ஒரு கண். "நானும் ஒரு புதிர் போடுகிறேன், அரசே. நாளைச் சாயங்காலத்துக்குள் மந்திரியார் விடுவிக்காவிட்டால் அவர் மோதிரம் எனக்கு. சம்மதமா?"

"சம்மதம்!" என்றார் ராஜா. மந்திரியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபம் வந்தால் அவர் யாரையும் கேட்பதில்லை.

பண்டிதர் தட்டி மறைவுக்குப் போனார். பானையைக் கட்டிக்கொண்டு வந்தார். "ஐந்தெழுத்து. தலை போனால் தண்ணீரில் முளைக்கும். வயிறு போனால் நெருப்பில் குளிரும். கால் போனால் அரசரும் அதைக் கண்டு அஞ்சுவார்!"

மறுநாள் முழுக்க ஏகாம்பரம் ஓலை ஓலையாகக் கீறினார், கரியைத் தேய்த்தார், தூக்கி எறிந்தார். ஒரு சொல்லும் பொருந்தவில்லை. மோதிரம் போனால் பதவி போகும், இருக்கிற வீடும் போகும். அதைவிட, நாடே பண்டிதர் கைக்குப் போய்விடும்.

மனைவி நாகரத்தினம் மோர் கொண்டுவந்தாள். வாங்கிய செம்பில் பத்து விரலும் கரியாகப் பதிந்தது.

"ஐயோ, இப்பத்தான் புளி போட்டு விளக்கி வெச்சேன்! ஓலையில எழுதினா கையைக் கழுவணும்னு தெரியாதா உங்களுக்கு?"

ஏகாம்பரம் செம்பைப் பார்த்தார். கையைப் பார்த்தார். தட்டி மறைவில் தண்ணீர் கிடையாது. ஆனால் நேற்றுப் பண்டிதர் கட்டிய துணி?

"நாகு, நீ மகராசி!" என்று மோரைக் குடிக்காமலே சபைக்கு ஓடினார்.

அங்கே பானை அப்படியே இருந்தது. அதன் துணி தும்பைப் பூ மாதிரி வெள்ளையாக இருந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"விடை கிடைத்ததா, மந்திரியாரே?" என்று இளித்தார் பண்டிதர்.

"கிடைத்தது. இதோ." ஏகாம்பரம் ஓலையை நீட்டினார். ராஜா வாங்கினார், புரட்டினார், முறைத்தார்.

"இது வெற்று ஓலை! என்னோடு விளையாடுகிறீரா?"

"பானையில் உள்ள ஓலைக்கும் இதற்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தால், மோதிரத்தோடு என் தலைப்பாகையையும் பண்டிதருக்கே கொடுத்துவிடுகிறேன்."

"அரசே, வெற்று ஓலைக்கெல்லாம் பானையை உடைப்பதா? சபைக்கே அவமானம்!" என்று பதறினார் பண்டிதர்.

"ஓலை நீட்டினால் உடைக்க வேண்டும். உடையுங்கள்!"

உடைத்தார்கள். உள்ளே இருந்ததும் வெற்று ஓலை.

"எழுத்து... எழுத்து அழிந்துவிட்டது!" என்றார் பண்டிதர்.

"எழுத்தாணியால் கீறியது எப்படி அழியும், பண்டிதரே? துணியைப் பாருங்கள், மகாராஜா. எழுதிய கை கட்டியிருந்தால் ஒரு கரும்புள்ளியாவது இருக்காதா? பொய்யாக ஒரு சொல்லைப் போட்டிருந்தால் நீங்கள் தலையும் காலும் வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பீர்கள். அதனால்தான், யாரும் ஓலை நீட்டாமல் பானை உடையாது என்ற தைரியத்தில் ஒன்றுமே போடவில்லை. விடையே இல்லாத புதிர் இது."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு அரியணையை விட்டு இறங்கி வந்து மந்திரியின் தோளைத் தொட்டார். "குதிரையை நீர் சீக்கிரம் பிடித்ததற்காகக் கோபித்துக்கொண்டேன். தப்பு என்னுடையது." தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

பண்டிதர் பக்கம் திரும்பினார். "உம் தலையை வெட்டப் போவதில்லை, பயப்படாதீர். உம் புதிருக்கு விடை கண்டுபிடித்ததும் சபைக்கு வாரும். அதுவரை வீட்டிலேயே இரும்."

ஏகாம்பரம் வீடு திரும்பியபோது மோர் அப்படியே இருந்தது. ஒரே மூச்சில் குடித்தார். அன்றைக்கு அவர் குடித்ததுபோல் மோரை ருசித்துக் குடித்தவர் அந்த நாட்டில் யாருமில்லை.

"அப்படி என்னதான் எழுதிக் கொடுத்தீங்க?" என்றாள் நாகரத்தினம்.

"ஒண்ணுமே எழுதல."

"நல்லதாப் போச்சு. செம்பு தப்பிச்சுது."

பண்டிதரா? அவர் இன்னும் ஐந்து விரலையும் மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.