பேட்டாவுக்கு மொய் வைத்த கழுதை

ஒரு காட்டில் நரி ஒன்று பூசணிக்காய் வண்டி வைத்திருந்தது. அதை இழுத்தது பொதியன் என்ற கழுதை. குளத்தங்கரையிலிருந்து மலையடிச் சந்தைக்கு ஒரு நடை போனால் ஒரு பிடி கொள்ளு. அவ்வளவுதான் கூலி! விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தாலும் பொதியனுக்கு முதலாளி மேல் அப்படி ஒரு பாசம்.

ஒரு நாள் பாதி வழியில் செவலை என்ற காளையைப் பார்த்தது. யானையிடம் வேலை செய்யும் காளை அது. வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தவிடும் புண்ணாக்குமாக வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணே, விருந்தா?” என்றது பொதியன்.

“விருந்தெல்லாம் இல்லப்பா, பேட்டா! உனக்கு இன்னும் வரலையா?”

“அவன் எங்கே வர்றான்! வடகாட்டுல மாமியார் வீடே கதின்னு கிடக்கான்!”

செவலை மெல்லுவதை நிறுத்தியது. “யாரு?”

“பேட்டாதான்! எங்க முதலாளியோட தங்கச்சி மகன். வண்டிக்காரங்க எல்லாம் ‘பேட்டா வந்துச்சா’ன்னு பேசிக்கிறதைக் கேட்டு, யாருன்னு முதலாளிகிட்ட விசாரிச்சேன். அவர்தான் சொன்னாரு. போன தையில கல்யாணம். நாலு பிடி கொள்ளு மொய் வெச்சேனே!”

செவலைக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே ஆத்திரமும் வந்தது. “அடப்பாவி! பேட்டா ஆளே இல்லடா! வண்டி இழுக்கிறவன் வழியில சாப்பிட முதலாளி கொடுக்கிறது. கூலி வேற, பேட்டா வேற!”

பொதியனுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. காதுகள் விறைத்து நின்றன. ஆறு வருஷம்! எத்தனை நடை பட்டினியோடு மேடேறியிருக்கும்! பேட்டாவுக்குக் காய்ச்சல் என்று நரி சொன்னபோது கண்ணீர் வேறு விட்டதே!

அன்று மாலையே நரியின் முன்னால் போய் நின்றது. “முதலாளி, பேட்டான்னா என்ன?”

நரி திருதிருவென்று முழித்தது. பிறகு பல்லை இளித்தது. “கோவிச்சுக்காதே பொதியா! நீ நம்ம வீட்டுப் பிள்ளை இல்லையா? நாளையிலேருந்து தர்றேன்!”

“வீட்டுப் பிள்ளையையா இத்தனை வருஷம் பட்டினி போட்டீங்க?” பொதியன் வண்டியிலிருந்து கழுத்தை உருவிக்கொண்டு நடையைக் கட்டியது.

மறுநாள் காலை, செவலையோடு வந்து வேலைக்குச் சேர்ந்த அதன் முன் யானை ஒரு கூடைத் தவிட்டை வைத்தது. பொதியன் பதறிப் பின்வாங்கியது. “ஐயா, நான் இன்னும் ஒரு நடைகூடப் போகலையே!”

“வெறும் வயித்தோட எப்படிப்பா மேடு ஏறுவே?” என்றது யானை.

பொதியன் மெல்லத் தவிட்டில் வாய் வைத்தது. இப்படி ஒரு கேள்வியை அதனிடம் யாருமே கேட்டதில்லை.

சந்தை நாளன்று பொதியன் புது வண்டியோடு குளத்தங்கரையைக் கடந்தபோது, அங்கே நரி வண்டியில் தன் கழுத்தையே மாட்டிக்கொண்டு நின்றது. கதை காடெங்கும் பரவியதால் வேறு யாரும் வேலைக்கு வரவில்லை. பத்தடி இழுப்பதற்குள் நரிக்கு நாக்குத் தள்ளியது. தொப்பென்று விழுந்தது.

“அடேயப்பா!” என்று அலறியது நரி. “இந்தப் பாரத்தையா நீ பசியோட இழுத்தே!”

தனக்குச் சேர வேண்டியது என்னவென்று முதலாளியை மட்டுமே கேட்டுத் தெரிந்துகொள்பவன் ஏமாந்துதான் போவான்.