தேக்கிலை கட்டிய காடு

ஒரு காட்டில் நரி ஒன்று முகப்பூச்சு விற்றது. எருக்கம்பாலில் சுண்ணாம்பைக் குழைத்து, வாசனைக்கு இரண்டு மல்லிகையைப் போட்டால் பூச்சு தயார்! கடையெல்லாம் கிடையாது. கிளிகளிடம் ஒரு முறை சொன்னால் போதும், மரத்துக்கு மரம் கத்திப் பரப்பிவிடும்.

"ஏழே நாளில் வெள்ளை! ஏழே நாளில் வெள்ளை!"

பூசுவதற்கு முன் என்று ஒரு காக்கையையும், பூசிய பின் என்று ஒரு கொக்கையும் நரி நிறுத்தி வைத்திருந்தது. கொக்குக்குக் கூலி தினம் இரண்டு கெண்டை மீன்.

அஞ்சலை என்ற கரடி ஒரு தேனடை கொடுத்து வாங்கிப் பூசியது. மூன்றாம் நாள் முகம் எரிந்தது. ஏழாம் நாள் மூக்கைச் சுற்றி ஒரு முடி இல்லை! மானம் போய்விடுமே என்று ஒரு தேக்கிலையை முகத்தில் கட்டிக்கொண்டு, "சளி" என்றது. அதிசயம், அந்த மாதம் காட்டில் பாதிப் பேருக்குச் சளி!

காவல் பார்க்கும் கீரிக்கு விஷயம் தெரியும். ஆனால் புகார் இல்லாமல் யார் வளைக்குள்ளும் நுழையக் கூடாது என்பது காட்டுச் சட்டம். கீரி வாலில் இலைக்கட்டோடு சுற்றிச் சுற்றி வந்தது. கேட்டால், முள் குத்திவிட்டதாம்.

"யாராவது புகார் கொடுங்களேன்!" என்று கெஞ்சியது.

எல்லாம் இருமின.

ஒரு நாள் காலை நரியின் வளை முன் நீண்ட வரிசை. அதில் தன் தங்கை தேனடையோடு நிற்பதைப் பார்த்ததும் அஞ்சலை ஓடி வந்தது.

"அடியே, வேணாம்! வாடி இந்தப் பக்கம்!"

"போக்கா! நீ மட்டும் பூசி அழகாயிட்டு, கண்ணு பட்டுடும்னு மூடி வச்சிருக்க. எனக்குக் கூடாதா?"

அஞ்சலை இலையைப் பிய்த்து எறிந்தது.

"பாருடி என் அழகை! கீரி ஐயா, எழுதிக்குங்க புகாரை!"

தங்கையின் கையிலிருந்து தேனடை நழுவி விழுந்தது. நரி மட்டும் சிரித்தது.

"இது பிறவியிலேயே இப்படித்தான்! வேறு சாட்சி உண்டா?"

குரங்கு இலையைக் கழற்றியது. பன்றி கழற்றியது. கடைசியில் கீரி தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வால்கட்டை அவிழ்த்தது. வால், எலிவால் போல மொட்டையாகக் கிடந்தது!

"நானும்தான், முதலில் வாலில் பூசிப் பார்த்தேன்" என்று முனகிய கீரி, மறுநொடியே நரியின் கழுத்தைப் பிடித்தது. "பிறந்ததிலிருந்தே நான் வெள்ளைதான்!" என்று ஒப்புக்கொண்டு கொக்கு பறந்தது. நரியின் பூச்சுப் பானைகள் உடைந்தன. சாயங்காலத்துக்குள் கிளிகள் புதுப்பாட்டு பிடித்துவிட்டன.

"ஏழே நாளில் மொட்டை! ஏழே நாளில் மொட்டை!"

ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், ஏமாற்றுகிறவனுக்கு அதைவிடப் பெரிய காவல் வேறில்லை.