ஒற்றை விளக்கு

புஷ்பம் மேடத்தைவிடச் சங்கரபாண்டி பத்து வயது மூத்தவர். ஆனாலும் சிஷ்யர் அவர்தான். மோட்டார் கம்பெனியில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர், ஓசூர்ப் பக்கம் ஒரு சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஐம்பதுக்கு மேல் அங்கே பொறுப்பிலிருந்த அந்த அம்மாளிடம் அ, ஆவிலிருந்து பாடம் கேட்டார். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் 'குருவம்மா' என்று கேலி பேசுவார்கள். சங்கரபாண்டி நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்.

கரண்டில் ஓடும் எந்தச் சாமானும் தன் வேலையோடு நிற்காது. ஒயரிலும் காற்றிலும் கொஞ்சம் இரைச்சலைக் கசியவிடும். நம் காதுக்கு அது கேட்காது, ரேடியோ போன்ற கருவிகளுக்குக் கேட்கும். அந்தக் கசிவு வரம்புக்குள் இருக்கிறதா என்று அளந்து சொல்வதுதான் அங்கே தொழில். அலைகளை உறிஞ்சும் பஞ்சுக் கூம்புகள் பதித்த அறையின் நடுவில் சாமானை வைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், அளப்பார்கள். எத்தனை செய்து விற்றாலும் அளப்பது ஒரே ஒரு சாமானைத்தான். ஒன்றை அளந்தால் எல்லாவற்றையும் அளந்த மாதிரி.

அப்படிச் சங்கரபாண்டி அளந்து, நல்லது என்று கையெழுத்துப் போட்ட ஒரு விளக்கு, காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அங்கே ஒன்றா போகும்? கூரை முழுக்கப் போனது.

அந்தப் பள்ளியில் டீச்சர் மைக்கில் பேசுவார். வகுப்பைச் சுற்றி ஓடும் ஒரு கம்பி அந்தக் குரலைப் பிள்ளைகளின் காதுக் கருவிக்குக் கொண்டுபோகும். புது விளக்கு வந்த பிறகு, செம்மலர் என்ற சிறுமி வகுப்பில் கருவியைக் கழற்றிக் கழற்றி வைத்தாள். மாட்டிவிட்டால் அழுதாள். கையைக் கூரைப் பக்கம் காட்டிக் காட்டி அழுதாள். டீச்சருக்குச் சந்தேகம் வந்து விளக்குக் கம்பெனிக்குச் சொல்ல, கம்பெனி, அளந்து கையெழுத்துப் போட்ட சங்கரபாண்டியையே அனுப்பியது.

அவர் போனது ஒரு விடுமுறை நாளில். மற்ற விளக்கெல்லாம் அணைந்து கிடந்தன. சிறுமியை வரவழைத்து, கருவியை மாட்டவைத்து, ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, அவள் தலைக்கு மேலேயே பிடித்தார்.

"சத்தம் கேக்குதா பாப்பா?"

அவள் உற்றுக் கேட்டாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. இல்லை என்று தலையாட்டினாள்.

சங்கரபாண்டி டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். "விளக்குல ஒண்ணும் இல்லீங்க. புள்ளைதான் அடம் பிடிக்குது."

ஒரு வருஷம் போனது. ஒரு நாள் அந்த டீச்சர் போன் செய்தார். பேசி முடித்ததும் சங்கரபாண்டி நேராகப் புஷ்பம் மேடத்தின் மேஜைக்கு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"குருவம்மா, அந்தப் புள்ளைய அப்பன் பள்ளிக்கூடத்த விட்டே கூட்டிட்டுப் போயிட்டானாம்."

"எந்தப் புள்ள?"

சொன்னார். விடுமுறை நாள், ஒற்றை விளக்கு, தலையாட்டல், எதையும் மறைக்கவில்லை. அதன்பிறகு பள்ளியில் அவளை மிரட்டியிருக்கிறார்கள். வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். அவள் கருவியை எங்கேயுமே மாட்டுவதில்லை என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டாள்.

"அம்மா, தண்ணி, வா, போ... இவ்வளவும் பேசப் பழகியிருந்துச்சாம். இப்ப அம்மாங்கற வார்த்தைகூட வரலையாம். வகுப்புல இன்னும் ரெண்டு புள்ளைங்க கருவியக் கழட்டுதாம்."

மேடம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"எந்த விளக்கை எடுத்து அளந்தாலும் வரம்புக்குக் கீழதான் இருக்கும். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் அளந்தேன்."

"ஆமா. நான் சொல்லிக் குடுத்த மாதிரிதான்." என்றார் மேடம்.

"அப்ப தப்பு யார்மேல? நீங்களே சொல்லுங்க. எனக்குத் தூக்கமே வராது போலிருக்கு."

"நாளைக்குப் பின்னாடி ஷெட்டுக்கு வாங்க."

மறுநாள் ஷெட்டில் அதே விளக்குகள் பெட்டி பெட்டியாக இருந்தன. பள்ளியிலிருந்து வாங்கிவந்த ஒரு காதுக் கருவியும், மைக்கும், சுவரைச் சுற்றிக் கம்பியும் இருந்தன. சங்கரபாண்டி ஏணியில் ஏறினார். மேடம் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விளக்காக எடுத்துக் கொடுத்தார். கூரை நிறைந்தது.

பிறகு மேடம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கருவியோடு இணைத்த ஹெட்போனை அவர் காதில் மாட்டினார். ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, மைக்கை வாயருகே வைத்துக்கொண்டார்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். தெளிவாக் கேக்குது குருவம்மா."

மேடம் அடுத்த வரிசையைப் போட்டார். காதுக்குள் எங்கோ லேசாக ஒரு ரீங்காரம் வந்தது. அடுத்த வரிசை. ரீங்காரம் தடித்தது. எல்லா வரிசையும் எரிந்தபோது, தலைக்குள் ரம்பம் ஓடுகிற மாதிரி இருந்தது. மேடத்தின் உதடு அசைந்தது. ஒரு வார்த்தைகூட வரவில்லை.

சங்கரபாண்டி ஹெட்போனைக் கழற்றினார்.

மேடம் கூடாது என்று தலையசைத்தார். மாட்டுங்கள் என்று கையால் காட்டினார்.

மாட்டினார். தாங்கமுடியாமல் மறுபடி கழற்றினார்.

மேடம் எழுந்து வந்து, தானே அவர் காதில் மாட்டி, ஒரு பொடிப் பிள்ளையை விரலை அசைத்து மிரட்டுகிற மாதிரி மிரட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். பாடம் நடத்துகிற மாதிரி பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பெரிய மனிதர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. கடைசியில், தன்னையறியாமல், அவர் கை உயர்ந்து கூரையைக் காட்டியது.

மேடம் விளக்குகளை அணைத்தார். ஒன்றை மட்டும் எரியவிட்டார். அதைக் கொக்கியிலிருந்து கழற்றி எடுத்து வந்து, ஒயர் இழுபட, அவர் தலைக்கு மேலேயே பிடித்தார்.

"சத்தம் கேக்குதா?"

சங்கரபாண்டி அண்ணாந்து பார்த்தார். உற்றுக் கேட்டார்.  கேட்காததைக் கேட்கிறது என்று எப்படிச் சொல்வது?

இல்லை என்று தலையாட்டினார்.



"அப்ப விளக்குல ஒண்ணும் இல்லீங்க," என்றார் மேடம். "நீங்கதான் அடம் பிடிக்கிறீங்க."