செங்கல்சூளையில் ஏறியவர்கள்

“மேடம், இந்த பஸ்ஸை செங்கல்சூளைப் பக்கம் விடுறதை நிறுத்திடலாமா?” என்று கேட்டான் குணாளன்.

நகரப் பேருந்துக் கழகத்தின் கண்காணிப்புப் பிரிவுக்கு ரெஜினாதான் தலைவி. குணாளன் அவரிடம் வேலை பழகுகிறவன். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் சுலபத்தில் வராது. வேலைதான் வரும்.

“ஏன்?”

“காலையில கம்பெனிப் பேட்டைக்குப் போற வண்டி மேடம். வாசல்ல வச்சிருக்கிற மெஷின் ஏறுறவங்க தலையை எண்ணுது. செங்கல்சூளை ஸ்டாப்புல ஒரு மாசமா ஒரு ஆள்கூட ஏறலை. அந்தப் பக்கம் சுத்திப் போறதே வீண்.”

“நேரத்துக்குப் போகுதா?”

“அதுல குறையே சொல்ல முடியாது. ஸ்கிரீன்ல எப்பவும் பச்சைதான். லேட்டா வந்த டிரைவருங்களுக்கு போன மாசம் மெமோ கொடுத்தேன்ல, அதுக்கப்புறம் வண்டி பறக்குது.”

பெருமையாகத்தான் சொன்னான். சொல்லட்டும், அவன் உழைப்பு.

“சரி, உத்தரவு டைப் பண்ணச் சொல்றேன். நாளைக்கு நீங்க அந்த ஸ்டாப்புல ஏறி, கம்பெனிப் பேட்டை வரைக்கும் போயிட்டு வாங்க.”

மறுநாள் காலை செங்கல்சூளையில் அவனுக்கு முன்பே ஒரு சிறு கூட்டம் நின்றது. சாப்பாட்டுக் கூடையோடு ஒரு பெண் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் புனிதா என்றாள்.

“பஸ் வருமாம்மா?”

“வரும் சார். நிக்கணுமே. நிக்கலேன்னா ஷேர் ஆட்டோதான். அது வர்றதுக்குள்ள கம்பெனியில கேட்டை மூடிடுறாங்க.”

பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. எல்லாரும் கை காட்டினார்கள். குணாளனும் காட்டினான். டிரைவர் வலப்பக்கம் ஒதுங்கி, வேகத்தைக் குறைக்காமல் போய்விட்டார்.

புனிதா கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினாள். பிறகு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

“இன்னொரு நாள் லேட்டா வந்தா வேற ஆளைப் போட்டுக்குவோம்னு நேத்துதான் சொன்னாங்க சார்.”

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

குணாளனுக்கு ஆத்திரம் பொங்கியது. அங்கேயே நின்று ரெஜினாவுக்கு போன் போட்டான்.

“மேடம், நிக்காமப் போயிட்டான் மேடம்!”

“நேரத்துக்கு வந்துச்சா?”

“வந்துச்சு. ஆனா...”

“செங்கல்சூளையில எத்தனை பேர் ஏறினாங்க?”

குணாளன் சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரும் ஏறலை மேடம்.”

“அப்ப நீங்க சொன்னது சரிதான். உத்தரவு என் மேஜை மேலதான் இருக்கு. கையெழுத்துப் போட்டுடட்டுமா?”